எந்தப் பீடத்தை முதலில் எழுதுவது?

(இணுவிலில் நடைபெற்ற பெற்றோர் – மாணவர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)



இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறோம். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. இங்கே அதற்குப் பெயர் கண்டி வீதி. நம் பிள்ளைகள் சிலருக்கு இனி ஐந்து வருஷம் அதுதான் வீட்டுக்கும் படிப்புக்கும் இடையிலுள்ள வழியாக இருக்கலாம். அதனால்தான் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு உங்களையும் வரச் சொன்னோம். பிள்ளை மட்டும் வந்து பார்த்துப் போனால் போதாது, பெற்றவர்களும் பார்க்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தோம்.

காலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைப் பார்த்தோம். இப்போது இந்த இணுவிலில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே தோட்டம் என்றால் புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும். நம் ஊரில் தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

முதலில் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் நம் பகுதியில் ஒரு பையன் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தான். லயத்தில் பிறந்து, டோர்ச் லைட் வெளிச்சத்தில் படித்த பிள்ளை. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப எங்களிடம் வந்தான். நாங்கள் சந்தோஷத்தில் இருந்தோம். "கொழும்பைப் போடு, பேராதனையைப் போடு, யாழ்ப்பாணத்தைப் போடு" என்றோம். மூன்று மருத்துவ பீடங்களை எழுதினோம். நான்காவதாக வேறொரு பாடநெறியை எழுதினோம். வெட்டுப்புள்ளி வந்தபோது அந்த மூன்று பீடங்களுக்கும் அவனுடைய இஸட் புள்ளி கொஞ்சம் போதவில்லை. ஆனால் நாங்கள் எழுதாமல் விட்ட ஒரு மருத்துவ பீடத்துக்கு அது போதுமாக இருந்தது. எழுதாத இடம் எப்படிக் கிடைக்கும்? நான்காவதாக எழுதியது கிடைத்தது. அவன் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இரண்டு மூன்று இடத்திலிருந்து அனுமதிக் கடிதம் வரும். அதை மேசையில் பரப்பி வைத்து, எது நல்லது என்று யோசிக்கலாம். நம் நாட்டு அரச பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. விண்ணப்பத்தில் எதை முதலாவது, எதை இரண்டாவது என்று விருப்ப ஒழுங்கு எழுதுகிறோமே, அப்போதே தெரிவு முடிந்துவிடுகிறது. பிறகு வருவது ஒரே ஒரு பெயர்தான். ஆகவே யோசிக்க வேண்டிய நேரம் படிவம் நிரப்புவதற்கு முன்னால்.

எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறோம். மருத்துவம் உட்படப் பல பாடநெறிகளுக்கு 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி பங்கிடப்படுகிறது. 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் இருக்கின்றன. பிள்ளை எந்த மாவட்டத்துக்கு உரியவர் என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வருஷங்களில் படித்த பாடசாலையை வைத்துப் பார்க்கிறார்கள். ஆகவே இடையில் பாடசாலை மாற்றுவதற்கு முன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அந்த விதியை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசியுங்கள்.

இன்று நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட அரச மருத்துவ பீடங்கள் இருக்கின்றன. 1870இல் தொடங்கிய கொழும்பு இருக்கிறது, பேராதனை இருக்கிறது. காலியில் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் பீடம், ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் பீடம், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம், இரத்தினபுரியில் சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் பீடம் இருக்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுர, ரஜரட்ட, வயம்ப என்று இன்னும் இருக்கின்றன. காலையில் நாம் பார்த்த பீடம் 1978இல் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் தனிக் குறியீடு உண்டு.

இவற்றில் எந்தப் பீடத்தில் படித்தாலும் பட்டம் ஒன்றுதான். ஐந்து வருஷப் படிப்பு, பிறகு ஒரு வருஷ உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு. நம் தோட்டத்து அம்மா ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போகும்போது, "டாக்டர் எந்தக் கெம்பஸ்?" என்று கேட்பதில்லை. ஆகவே மருத்துவம்தான் வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், எல்லா மருத்துவ பீடங்களையும் எழுதி முடித்த பிறகே அடுத்த பாடநெறிக்குப் போங்கள். ஒன்றையும் விடாதீர்கள். எங்கள் பிழையிலிருந்து நாங்கள் படித்த பாடம் இது.

சரி, எல்லாவற்றையும் எழுதப் போகிறோம். எதை முதலில் எழுதுவது?

இதைச் சொல்ல இன்னொரு பிள்ளையின் கதை வேண்டும். பெயர் சொல்லவில்லை, அவர் அதை விரும்பமாட்டார். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பா மலையில் மருந்தடிக்கிறார். பெறுபேறு வந்த கிழமை அவர்கள் வீட்டில் ஒரு கூட்டமே கூடிவிட்டது.

அப்பா சொன்னார்: "பேராதனையையே போடுங்க சேர். காலையில பஸ் ஏறுனா பகலுக்குள்ள புள்ளயப் பார்த்துட்டு வந்திரலாம்."

மாமா ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பளபளப்பான தாள், பனி விழுந்த கட்டிடங்கள், வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள். "இங்க ஏன் காத்துக்கிட்டு இருக்கணும்? அடுத்த மாசமே பிளேன் ஏறலாம். வீட்டுத் தோட்டத்தையும் நகையையும் வச்சா முதல் வருஷக் காசு வந்திரும்" என்றார்.

அம்மா கடைசி வரை பேசாமல் இருந்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "எங்க படிச்சா சேர், புள்ள பாதியில அழுதுக்கிட்டுத் திரும்பி வராது?"

அந்த வீட்டில் கேட்கப்பட்ட கேள்விகளில் சரியான கேள்வி அதுதான். எது பெரிய பீடம் என்று அவர் கேட்கவில்லை. தன் பிள்ளை எங்கே தாக்குப்பிடிக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அன்றிரவு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் மொழி. மருத்துவப் படிப்பு எல்லாப் பீடத்திலும் ஆங்கிலத்தில்தான். நம் பிள்ளை பதின்மூன்று வருஷம் தமிழில் படித்தவர். அது முதல் சுவர். மூன்றாம் வருஷமளவில் வாட்டுக்குப் போக வேண்டும். அங்கே நோயாளி என்ன மொழி பேசுகிறார்? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் தமிழ். பேராதனையில், காலியில், ராகமையில் பெரும்பாலும் சிங்களம். சிங்களம் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அது பிரச்சினை இல்லை. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, ஒரே நேரத்தில் இரண்டு சுவர்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. நம் தோட்டங்களிலிருந்து நோயாளரைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், கையைக் காட்டி, தலையை ஆட்டி, கடைசியில் பக்கத்துக் கட்டிலில் உள்ளவரை மொழிபெயர்க்கச் சொன்ன தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பேராதனையில் படித்து, சிங்களத்தையும் கற்றுக்கொண்டு வரும் நம் பிள்ளை ஒருவர் அந்த வாட்டில் நின்றால் அதன் பெறுமதி என்ன? ஆகவே யாழ்ப்பாணம்தான் சரி, பேராதனை பிழை என்று நாங்கள் சொல்லமாட்டோம். சிங்களம் தெரிந்த, துணிச்சலான பிள்ளைக்குப் பேராதனை முதலாவதாக இருக்கட்டும். மொழியால் தடுமாறும் பிள்ளைக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ முதலாவதாக இருக்கட்டும். அப்படிப் படிக்கும் பிள்ளை ஐந்து வருஷத்துக்குள் சிங்களத்தைத் தானாகக் கற்க வேண்டும். அது சலுகை இல்லை, கடன்.

இரண்டாவது காசு. அரச பீடத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், பஸ், புத்தகம் எல்லாம் இருக்கிறது. மகாபொல, பர்சரி இரண்டில் ஒன்றுக்கு நம் பிள்ளைகள் பெரும்பாலும் தகுதி பெறுவார்கள். ஆனால் அந்தப் பணம் சேர்ந்த உடனே கைக்கு வராது. முதல் சில மாதத்தை எப்படி ஓட்டுவது என்று இப்போதே கணக்குப் போடுங்கள். பீடத்தில் விடுதி எந்த வருஷங்களுக்குக் கிடைக்கும், கிடைக்காத வருஷம் வெளியே அறை வாடகை எவ்வளவு என்று அங்கே படிக்கும் நம் பிள்ளைகளிடமே கேளுங்கள். காத்திருக்கும் காலத்தையும் உள்ளகப் பயிற்சியையும் சேர்த்தால் ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை வீட்டில் மற்றப் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக்கூடாது.

மூன்றாவது, பிள்ளைக்கு யார் துணை? அதே பீடத்தில் நம் பகுதிப் பிள்ளை ஒருவர் முன்னால் படிக்கிறாரா? பழைய புத்தகம் கொடுக்க, எலும்புகளை வைத்துச் சொல்லிக்கொடுக்க, காய்ச்சல் வந்தால் பார்க்க ஒருவர் வேண்டும். பகிடிவதை பற்றியும் பயப்படுகிறீர்கள். அதைத் தடை செய்யும் சட்டம் 1998ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் இருக்கிறது. பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னால் சங்கம் பின்னால் நிற்கும்.

நான்காவது, அந்தப் பளபளப்பான புத்தகம். வெளிநாட்டில் படிப்பது குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல டாக்டர்கள் அங்கிருந்தும் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்பதை முகவரிடம் கேட்காதீர்கள், சபையிடமே கேளுங்கள். திரும்பி வந்தால் சபையின் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். 'அக்ட் 16' என்று சொல்வார்களே, அதுதான். அதில் சித்தியடையும் வரை இங்கே டாக்டராக வேலை செய்ய முடியாது. 2022இல் உக்ரைனில் யுத்தம் தொடங்கியபோது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவ மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். உள்நாட்டில் மாலபேயில் நடந்த சைட்டம் கல்லூரியையும் மறக்கக்கூடாது. அந்தப் பட்டத்தை அங்கீகரிப்பதா இல்லையா என்று 2017இல் நாடு முழுக்கப் போராட்டமும் வேலைநிறுத்தமும் நடந்தன. 2018இல் கல்லூரி மூடப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். காசு கட்டிய குடும்பங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அரச பீடத்தில் இடம் கிடைக்கும் பிள்ளை, எந்த ஊரில் கிடைத்தாலும், அதை விட்டுவிட்டு நகையை அடகு வைத்துப் போகத் தேவையில்லை. மாமாமார் கோபிக்கக்கூடாது.

அன்றிரவு அந்தப் பிள்ளை தன் கையால் எழுதினார். முதலாவது யாழ்ப்பாணம், இரண்டாவது மட்டக்களப்பு, மூன்றாவது பேராதனை, பிறகு மற்ற எல்லாம். யாழ்ப்பாணம் கிடைத்தது. இன்று அவர் வாட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

இங்கே தோட்டம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் என்று ஆரம்பத்தில் சொன்னோம். அந்தப் பிள்ளை முதல் நாள் வாட்டில் ஒரு வயதான அம்மாவிடம் போனார். அம்மா, "பிள்ளை, நாரி நோகுது" என்றார். இவருக்கு விளங்கவில்லை. தமிழ்தானே என்று நம்பி யாழ்ப்பாணத்தை எழுதிய பிள்ளை முழித்துக்கொண்டு நின்றார். நாரி என்றால் இடுப்பு. அந்த அம்மா சிரித்து, முதுகைத் திருப்பித் தொட்டுக் காட்டினாராம். "நீர் எவடம் பிள்ளை?" என்று கேட்டாராம். "ஹட்டன், தோட்டம்" என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லாப் படியும்" என்றாராம். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் நம்மை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பது முதியவர்களுக்குத் தெரியும். அந்தச் சொல் முழுக்க மறைந்துவிட்டது என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். ஆனால் அதே ஊரில் நம் பிள்ளை நாடி பிடித்துப் பார்க்கிறார், அவர்களும் கையை நீட்டுகிறார்கள். இதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் நின்று பேசும்போது இரண்டு பேரை நினைக்காமல் போக முடியாது.

பக்கத்து ஊர் மானிப்பாய். 1847இல் அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கிறீன் என்ற மிஷன் டாக்டர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் தேடி ஊரை விட்டுப் போவதைப் பார்த்தார். தமிழில் படித்தால் தம் மக்களோடு இருப்பார்கள் என்று, தானே தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே படிப்பித்தார். பிறகு 1890களின் இறுதியில் இந்த இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று மக்லியொட் மிஷன் ஆஸ்பத்திரி வந்தது. ஆண் டாக்டரிடம் போகத் தயங்கிய பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் வைத்தியம் பார்த்தார்கள். நோயாளி வாய் திறந்து பேசக்கூடிய ஒருவர் முன்னால் இருந்தால்தான் வைத்தியம் நடக்கும் என்பது இந்த மண்ணில் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொருவர் டாக்டர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணத்தில் பிறந்தார், கொழும்பு மருத்துவ பீடத்தில் படித்தார். உள்ளகப் பயிற்சி முடிந்து 1979இல் அவர் வேலைக்குப் போனது எங்கே தெரியுமா? ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் ஹல்துமுல்லைக்கு, நம் மலைக்கு. பிறகு யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தார். லிவர்பூலில் மேற்படிப்பு முடித்து, அங்கேயே இருந்திருக்கலாம், யுத்தத்தின் நடுவில் திரும்பி வந்தார். உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தபோது, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எந்த மொழியில் படிக்கிறோம் என்பது எங்கே வேலை செய்வோம் என்பதை இழுக்கும் என்று கிறீன் நினைத்தார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கொழும்பில் படித்த ஒருவர் ஹல்துமுல்லைக்கும் வந்தார், யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினார். ஆகவே பீடத்தின் பெயர் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவராது. பிள்ளை தாக்குப்பிடித்துப் படித்து முடிக்கும் இடத்தைத் தெரிவு செய்வது இப்போது நம் கையில். படித்து முடித்து எங்கே நிற்பது என்பது அந்தப் பிள்ளையின் மனசில்.

"படிச்சுட்டு நம்ம தோட்ட டிஸ்பென்சரிக்கே வரணும்" என்று சத்தியம் வாங்காதீர்கள். இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு சமூகத்தையே ஏற்றி வைத்தால் அது நடக்காது, விழும். நம் தோட்டத்துக்கு டாக்டர் வேண்டும் என்றால், அதை அரசாங்கத்திடமும் கம்பனியிடமும் கேட்டுப் போராட வேண்டியது சங்கத்தின் வேலை. தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் தமிழில் படிப்பிக்கும் ஆசிரியர் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி வாட்டில் தமிழ் பேசும் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். இவை நம் கோரிக்கைகள். பிள்ளையின் கடமை படிப்பது.

கடைசியாக, சங்கம் என்ன செய்யப் போகிறது? அடுத்த முறை கையேடு வெளிவந்ததும், ஒவ்வொரு கிளைக் காரியாலயத்திலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போடுகிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் அங்கே இருப்பார்கள். படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் அங்கே கொண்டு வாருங்கள். பெறுபேறு, அடையாள அட்டை, கையேடு மூன்றையும் கொண்டு வாருங்கள். கூடவே அம்மாவோ அப்பாவோ கட்டாயம் வர வேண்டும். ஒழுங்கைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நாங்கள் எழுதித் தரமாட்டோம். ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தருவோம்.

மூன்று பீடங்களை மட்டும் எழுதிய அந்தப் பையனைச் சொன்னோமே, அந்த மேசையில் முதலாவதாக உட்காரப் போகிறவர் அவர்தான். நாங்கள் கேட்கவில்லை, அவராகவே கேட்டார்.